எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாரன்டியும் ரிட்டர்னும்: பெட்டி பிரிக்கும் நாளிலிருந்து பணம் திரும்பும் வரை

என் முதல் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் நாலாவது மாதத்திலேயே பாதி வழியில் படுத்துவிட்டது. பேட்டரியில் கோளாறு என்று கம்பெனிக்கு எழுதினேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது: “வாங்கிய புதிதில் ஒரு முழு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது? அதற்குப் பதிவு ஏதாவது இருக்கிறதா?” என்னிடம் ஒன்றும் இல்லை. நன்றாக ஓடுகிற வண்டியை யார் அளந்து வைப்பார்கள்? அடுத்த மூன்று வாரமும் ஒரே பல்லவி: ஓட்டுபவர் எடை, சாலையின் மேடு, எதிர்க்காற்று இதையெல்லாம் பொறுத்துத் தூரம் மாறும். வாரன்டி கார்டில் இன்னும் எட்டு மாதம் பாக்கி இருந்தது. கார்டு மேஜை டிராயரில் இருந்தது. அவ்வளவுதான் அதன் பயன்.

அதற்குப் பிறகு எனக்காகவும் தெரிந்தவர்களுக்காகவும் நிறைய வாரன்டி கார்டுகளைப் படித்துவிட்டேன், சில வண்டிகளைத் திருப்பியும் அனுப்பியிருக்கிறேன். அதிலிருந்து எனக்குப் பட்டது இது: உண்மையான வாரன்டி முதல் ஒன்றிரண்டு வாரம்தான். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் வண்டியை முழுசாகச் சோதித்து, எழுத்தில் பதிந்து வைத்தவருக்குப் பின்னால் வருகிற ஒரு வருடமோ இரண்டு வருடமோ வேலை செய்யும். மற்றவருக்கு அது ஒரு காகிதம்.

நின்றுகொண்டு ஓட்டுகிற மடிக்கும் ஸ்கூட்டரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து ஓட்டுகிற பெரிய வண்டிக்கும் பெரும்பகுதி பொருந்தும். மாறும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில், எதைக் கேட்கிறீர்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

“வாரன்டி இருக்கா?” என்ற ஒரே கேள்விக்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி சண்டையே வருகிறது.

ஒன்று, ரிட்டர்ன். பிடிக்கவில்லை, உயரம் சரியில்லை, நினைத்ததைவிடக் கனமாக இருக்கிறது என்று மனம் மாறித் திருப்புவது. இது பெரும்பாலும் கடைக்காரர் தருகிற சலுகை. சில நாடுகளில் ஆன்லைனில் வாங்கினால் சட்ட உரிமையாகவும் இருக்கும்.

இரண்டு, கம்பெனி வாரன்டி. தயாரித்தவர் தானாக முன்வந்து தருகிற வாக்கு. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை அவர்களே எழுதுகிறார்கள். ரிப்பேர் செய்வதா, மாற்றித் தருவதா என்று முடிவு செய்வதும் பெரும்பாலும் அவர்கள்தான். பணத்தைத் திருப்பித் தருவதாகப் பொதுவாக இதில் எழுதியிருக்காது.

மூன்று, சட்டம் தருகிற உரிமை. விற்ற பொருள் சொன்னபடி இருக்க வேண்டும், ஓரளவு காலம் உழைக்க வேண்டும் என்பது. பல நாடுகளில் இதற்குப் பொறுப்பு தயாரித்தவர் அல்ல, விற்றவர். வாரன்டி கார்டில் ஒரு வரிகூட இல்லாவிட்டாலும் இந்த உரிமை போகாது.

பழுது வந்தால் நாம் உடனே போவது கம்பெனியிடம். ஆனால் பழுது வெளிப்பட்ட நாளைப் பொறுத்து, கடைக்காரரிடம் போனால்தான் பணமே திரும்பும் என்ற நிலை இருக்கலாம். கம்பெனியின் சர்வீஸ் வரிசையில் நின்றுகொண்டே கடையின் ரிட்டர்ன் கெடுவைத் தவற விடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

படி 1: வாங்கும் முன், விலக்குகளைப் படியுங்கள்

வாரன்டி பக்கத்தில் மேலே பெரிய எழுத்தில் “2 வருடம்” என்று இருக்கும். அதைத் தாண்டிக் கீழே இறங்கி, “கீழ்க்கண்டவை அடங்காது” என்ற பகுதியிலிருந்து தொடங்குங்கள். அதுதான் விஷயம்.

பெரும்பாலும் பாகத்துக்குப் பாகம் காலம் வேறுபடும். ஃபிரேமுக்கும் மோட்டாருக்கும் அதிகம், பேட்டரிக்கும் சார்ஜருக்கும் குறைவு. டயர், டியூப், பிரேக் பேட், ஹேண்டில் கிரிப், மண்காப்பு போன்றவை தேய்மானப் பொருள் என்ற பெயரில் மொத்தமாக வெளியே. உட்கார்ந்து ஓட்டும் பெரிய வண்டிகளில் நிலைமை நேர்மாறாக இருக்கும்: பேட்டரிக்குத்தான் நீண்ட வாரன்டி, ஆனால் அதோடு ஒரு கிலோமீட்டர் வரம்பும் ஒட்டியிருக்கும். எது முதலில் வருகிறதோ அத்தோடு முடிந்தது.

பேட்டரி வாரன்டி என்றால் எதற்கு வாரன்டி என்று பாருங்கள். வேலையே செய்யாமல் போனால் மட்டுமா, அல்லது கொள்ளளவு குறிப்பிட்ட சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலுமா? லித்தியம் அயன் பேட்டரி ஒவ்வொரு சார்ஜுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அது அதன் இயல்பு. “70 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவோம்” என்று எண் போட்டு எழுதியிருந்தால் அது நல்ல வாரன்டி. “இயல்பான திறன் குறைவு அடங்காது” என்று மட்டும் இருந்தால், எது இயல்பு என்பதை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள்.

இன்னும் சில கேள்விகள், வாங்கும் முன்பே கடைக்கோ கம்பெனிக்கோ எழுதிப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியவை:

வாரன்டி எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது? பில் தேதியா, கைக்கு வந்த தேதியா, ஆப்பில் ஆக்டிவேட் செய்த தேதியா? சர்வீஸுக்கு அனுப்பும் செலவு யாருடையது? மாற்றித் தந்த பாகத்துக்குப் புது வாரன்டியா, பழையதன் மிச்சமா? டெலிவரி வேலைக்கு ஓட்டினால் வாரன்டி உண்டா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று எழுதிய கார்டுகள் ஏராளம். ஓடிய தூரம் வண்டியின் மெமரியிலேயே பதிவாகிறது, மூன்று மாதத்தில் ஆறாயிரம் கிலோமீட்டர் காட்டினால் அவர்களுக்குப் புரிந்துவிடும்.

ஓட்டுபவரின் எடை வரம்பையும் பாருங்கள். 100 கிலோ என்று போட்டிருக்கும் வண்டியில் இருவர் ஏறினால், ஃபிரேம் விரிசலுக்கு வாரன்டி கேட்க முடியாது.

வேறொரு நாட்டிலிருந்து மலிவாக வாங்க நினைப்பவர்களுக்கு: வாரன்டி பெரும்பாலும் விற்ற நாட்டோடு சரி. அதோடு, விமானத்தில் கையோடு எடுத்துப் போகவும் முடியாது. பயணிகள் தாராளமாகக் கொண்டுபோகும் லித்தியம் பேட்டரிக்கு வரம்பு 100 வாட்-அவர் (பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைச் சேமிக்கும் என்பதன் அளவு, வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்கினால் வரும்). விமான நிறுவனம் அனுமதித்தால் 160 வரை. ஒரு சாதாரண 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பேட்டரியே 360 வாட்-அவர் ஆகிவிடும். பழுதானால் திருப்பி அனுப்புவதும் அதே சிக்கல்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

படி 2: பெட்டி பிரிக்கும் நாள்

போனை ஏதாவது ஒன்றின் மேல் சாய்த்து வைத்து வீடியோவை ஓட விடுங்கள். பெட்டியின் ஆறு பக்கமும் தெரிய வேண்டும், ஒட்டியிருக்கும் லேபிள் படிக்கிற மாதிரி தெரிய வேண்டும். பிறகு நிறுத்தாமல், வெட்டாமல் பிரியுங்கள். வீடியோவின் நடுவில் ஒரு வெட்டு இருந்தால்கூடக் கேள்வி கேட்பார்கள்.

வண்டியை வெளியே எடுத்ததும் சீரியல் நம்பரைத் தேடுங்கள். நிற்கும் பலகையின் அடியிலோ ஹேண்டில் தண்டின் கீழ்ப்பகுதியிலோ இருக்கும். அது பெட்டியிலும் பில்லிலும் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அன்றே கடைக்கு எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து எழுதினால் வண்டியை மாற்றிவிட்டீர்களோ என்று சந்தேகம் உங்கள் மேல்தான் விழும். அந்த ஸ்டிக்கர் வெயிலிலும் தண்ணீரிலும் அழிந்துபோகும் இடத்தில் இருக்கும் என்பதால் போட்டோ கட்டாயம். சார்ஜருக்கும் தனி நம்பர் உண்டு, அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பில்லை ஸ்கேன் செய்து உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். வெப்பத்தாளில் அடித்த பில் ஒரு வருடத்தில் வெள்ளைத் தாளாகிவிடும்.

பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். வீட்டில் இடமில்லை, தெரியும். குறைந்தது ரிட்டர்ன் கெடு முடியும் வரையாவது கட்டிலுக்கடியில் தள்ளுங்கள். உள்ளே இருக்கும் அச்சு வார்த்த தெர்மோகோலும் சேர்த்துத்தான். அசல் பெட்டி இல்லை என்று ரிட்டர்னை மறுக்கும் கடைகள் உண்டு. பேட்டரி உள்ள சரக்குக்கான எச்சரிக்கை லேபிளும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.

படி 3: முதல் வாரச் சோதனை

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். மற்றதெல்லாம் இதைச் சார்ந்துதான் நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை. மனம் மாறித் திருப்பும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், முதலில் ஓட்டாமலே செய்யக்கூடிய சோதனைகளை முடியுங்கள். கடையில் நின்று பார்ப்பது போலப் பார்க்கலாம், சற்று உருட்டிப் பார்க்கலாம். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பிடிக்கவில்லை என்றால், மதிப்பு குறைந்ததற்குப் பணத்தைக் கழிப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டமே அதற்கு இடம் தருகிறது. பழுது என்று திருப்புவது வேறு கணக்கு. அப்போது ஓட்டியதே பழுதைக் கண்டுபிடிக்கத்தான்.

நிறுத்தி வைத்து: வண்டியை விரித்துப் பூட்டுங்கள். முன்சக்கரத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, ஹேண்டிலை முன்னும் பின்னும் தள்ளுங்கள். தண்டின் அடியில், மடிப்புப் பூட்டு இருக்கும் இடத்தில் இன்னொரு கையின் விரலை லேசாக வையுங்கள். “டக்... டக்” என்று விரலுக்கு ஓர் ஆட்டம் தெரிந்தால் பூட்டு தளர்ந்திருக்கிறது. சிலவற்றில் ஒரு திருகைத் திருப்பினால் சரியாகிவிடும், கையேட்டில் எழுதியிருக்கும். திருகியும் ஆட்டம் போகவில்லை என்றால் அந்த வண்டியை வைத்துக்கொள்ளாதீர்கள். பேச்சே வேண்டாம், திருப்புங்கள். ஓடும்போது மடிந்தால் முகம்தான் முதலில் தரையில் படும். 2019-ல் ஷாவ்மி தன் எம்365 மாடலில் ஒரு பகுதியைத் திரும்ப அழைத்தது மடிப்புப் பகுதியின் திருகு தளர்ந்ததற்காக. 2025 மார்ச்சில் செக்வே நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 2,20,000 நைன்பாட் மேக்ஸ் ஸ்கூட்டர்களைத் திரும்ப அழைத்ததும் மடிப்பு அமைப்புக்காகத்தான். பெரிய பெயர்களுக்கே இந்த இடம்தான் பலவீனம்.

இப்படித் திரும்ப அழைப்பது வாரன்டியில் சேராது, அது பாதுகாப்பு விவகாரம். வாரன்டி முடிந்த வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும். உங்கள் சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் பதிவு செய்து வைத்தால் தகவல் உங்களைத் தேடி வரும்.

சார்ஜ்: முழுசாக ஏற்றி, எவ்வளவு நேரம் ஆனது என்று குறியுங்கள். 36 வோல்ட் பேட்டரி என்றால் முழு சார்ஜில் 42 வோல்ட் இருக்கும்; 48 வோல்ட் என்றால் பெரும்பாலும் 54.6. இது செல் கணக்கு. பேட்டரி என்பது செல் என்ற சின்னச் சின்ன அலகுகளின் தொகுப்பு: ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட், அது போலப் பத்தோ பதின்மூன்றோ வரிசையாக இருக்கும். பல ஆப்கள் இந்த எண்ணை நேரடியாகக் காட்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் முடிந்து பச்சை விளக்கு எரிந்தும் எண் இரண்டு மூன்று வோல்ட் குறைவாக நின்றால் சார்ஜரிலோ பேட்டரியிலோ ஏதோ சரியில்லை.

தூரம்: நான் முதல் வண்டியில் செய்யத் தவறியது. டயர் காற்றைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு அடியுங்கள். இதைச் செய்யாமல் “தூரம் குறைவு” என்று புகார் தருபவர்கள்தான் அதிகம். காற்று குறைந்த டயர் பேட்டரியைத் தின்றுவிடும். முழு சார்ஜ், ஓரளவு சமமான பாதை, ஒரே மோட். தொடங்கும்போது மீட்டரையும் பேட்டரி சதவீதத்தையும் போட்டோ எடுங்கள், 20 சதவீதத்துக்கு வந்ததும் மீண்டும் எடுங்கள். அன்றைய வெப்பநிலையையும் உங்கள் எடையையும் ஒரு குறிப்பாக எழுதுங்கள்.

விளம்பரத்தில் சொன்ன தூரம் வராது. அது எடை குறைந்த ஒருவர், மிதமான வெயிலில், சமதளத்தில், மெதுவாக ஓட்டிய கணக்கு. என் கணக்கு இப்படி: பேட்டரியின் வாட்-அவரை 12-லிருந்து 15-ஆல் வகுங்கள். 360 வாட்-அவர் பேட்டரிக்கு முழு சார்ஜில் 24-லிருந்து 30 கிலோமீட்டர் வரும்; 20 சதவீதத்தில் நிறுத்தினால் அதில் ஐந்தில் நான்கு பங்கு. அதற்குள் இருந்தால் வண்டி சரி. அதைவிட ரொம்பக் குறைந்தால் ரிட்டர்ன் கெடுவுக்குள்ளேயே எழுதுங்கள். பெரிய வண்டிக்கு இந்த எண் பொருந்தாது. அதன் எடையும் வேகமும் வேறு, ஒரு கிலோமீட்டருக்கு இரட்டிப்புக்கு மேல் செலவாகும்.

ஓட்டி: இரண்டு பிரேக்கும் தனித்தனியாகப் பிடிக்கிறதா, ஆக்ஸிலேட்டரை விட்டதும் உடனே மோட்டார் ஓய்கிறதா, மேடேறும்போது வெட்டி வெட்டி இழுக்கிறதா, திரையில் எரர் கோடு (பிழையைக் குறிக்கும் எண்) ஏதாவது வந்து மறைகிறதா என்று பாருங்கள். கோடு வந்தால் ஓரமாக நிறுத்திப் போட்டோ எடுங்கள். அணைத்துப் போட்டால் போய்விடும் என்பார்கள். போகும், அப்புறம் கெடு முடிந்த மறுநாள் திரும்ப வரும்.

படி 4: வாரன்டியை நீங்களே முறிக்காமல் இருப்பது

தண்ணீர் முதலில். “ஐபிஎக்ஸ்4” என்றால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், “ஐபிஎக்ஸ்5” என்றால் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் என்று அர்த்தம். சோதனைக் கூடத்தில், புதுப் பொருளில், நல்ல தண்ணீரில் செய்த சோதனை அது. இரண்டு வருடம் குலுங்கிய வண்டியின் ரப்பர் அடைப்பு அதே மாதிரி இருக்காது. வேடிக்கை என்னவென்றால், அதே பெட்டியில் தண்ணீர்த் தாங்குதிறன் எண்ணை அச்சடித்துவிட்டு வாரன்டி கார்டில் “நீர் புகுந்த சேதம் அடங்காது” என்றும் எழுதுவார்கள். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கிறதே என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அந்த வாதம் ஜெயிக்கும் என்று நம்பி தேங்கிய தண்ணீரில் ஓட்டாதீர்கள். பிரஷர் பம்ப் வைத்துக் கழுவவே கூடாது.

சில வண்டிகளில் பலகைக்கு அடியில், கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பாகம்) பக்கத்தில், விரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். ஈரம் பட்டால் அது சிவப்பாகிவிடும். சர்வீஸ் ஆள் மூடியைத் திறந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். சிவப்பாக இருந்தால் மேற்கொண்டு எதையும் பார்ப்பதில்லை.

அடுத்தது பேட்டரியைக் காலியாகப் போட்டு வைப்பது. ஊருக்குப் போகிறோம், வந்து சார்ஜ் போடலாம் என்று 5 சதவீதத்தில் விட்டுவிட்டுப் போவோம். பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட் தூங்கும்போதும் துளித்துளியாகக் கரண்ட் குடிக்கும். இரண்டு மாதத்தில் செல்கள் அபாய அளவுக்குக் கீழே இறங்கிவிடலாம், பிறகு சார்ஜ் ஏற்றவே அது அனுமதிக்காது. பார்வைக்கு வண்டி செத்துவிட்டது. பல கம்பெனிகள் இதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிடும். கையேட்டில் “மாதம் ஒருமுறை”, “இரண்டு மாதத்துக்கு ஒருமுறை” சார்ஜ் போடச் சொல்லி எழுதியிருக்கும். பாதி சார்ஜில், குளிர்ந்த, காய்ந்த இடத்தில் வையுங்கள். சார்ஜ் போட்ட தேதியை காலண்டரில் குறியுங்கள். அதுவும் ஒரு சாட்சிதான்.

வேகத்தை அதிகரிக்க ஆப்பை மாற்றுவது, வேறு சார்ஜர் போடுவது, மூடியைத் திறப்பது: மூன்றும் மறுப்புக்கு வழி. உறைநிலைக் குளிரில் சார்ஜ் ஏற்றுவதும் செல்லைக் கெடுக்கும். பஞ்சர் ஒட்ட வெளியே கொடுக்கலாமா என்று கேட்பார்கள். கொடுக்கலாம், பில் வாங்கிக்கொள்ளுங்கள். ஹப் மோட்டார் (சக்கரத்துக்குள்ளேயே பொருத்திய மோட்டார்) உள்ள சக்கரம் என்றால் மட்டும் வயர் அறுந்துபோகாமல் கழற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

படி 5: பழுது வந்ததும் எழுதும் முறை

போனில் பேசலாம், தப்பில்லை. பேசி முடித்ததும் “இன்று இன்ன நேரத்தில் பேசியதில் நீங்கள் சொன்னது இது” என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும்.

பழுதான வண்டியைப் பிரிக்காதீர்கள், ஓட்டாதீர்கள். பழுது தெரிகிற மாதிரி இருபது முப்பது வினாடி வீடியோ எடுங்கள். அதே வீடியோவில் சீரியல் நம்பரும் தெரியட்டும். கடிதம் சின்னதாக இருக்கட்டும். கோபம் வேண்டாம், கதை வேண்டாம். நான் அனுப்புவது இப்படி இருக்கும்:

> ஐயா / அம்மா,
>
> மார்ச் 3 அன்று உங்களிடம் வாங்கிய ஸ்கூட்டர் (சீரியல் நம்பர், பில் நம்பர் கீழே) ஜூலை 10 முதல் ஓடும்போதே அணைந்துவிடுகிறது. பேட்டரி 60 சதவீதம் இருக்கும்போதே நடக்கிறது. இதுவரை நான்கு முறை. தேதிகளும் வீடியோவும் இணைத்துள்ளேன். வண்டி விழவில்லை, நனையவில்லை, திறக்கப்படவில்லை. மொத்தம் 410 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.
>
> செலவில்லாமல் பழுது நீக்கியோ மாற்றியோ தரக் கோருகிறேன். வண்டியை எப்படி அனுப்ப வேண்டும், எத்தனை நாளில் முடியும் என்பதை 7 நாளுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். மறுப்பதானால் காரணத்தையும் சோதனை அறிக்கையையும் அனுப்புங்கள்.

“பேட்டரி போய்விட்டது, மாற்றுங்கள்” என்று நாமே நோயைச் சொல்லிவிடக் கூடாது. அறிகுறியைச் சொல்லுங்கள், போதும். பேட்டரி என்று எழுதி, திறந்து பார்த்தால் கன்ட்ரோலர் என்று வந்து, பேட்டரி நன்றாக இருக்கிறது என்ற அறிக்கையோடு வண்டி திரும்பி வந்த கதை உண்டு.

கடைசி வரிதான் முக்கியம். மறுப்பை எழுத்தில் கேட்டதும் பல மறுப்புகள் மறுபரிசீலனைக்குப் போய்விடுகின்றன. ஏன் என்று எனக்கு விளக்கத் தெரியாது, பார்த்திருக்கிறேன்.

படி 6: திருப்பி அனுப்புவது

சாதாரண கொரியரில் பேசாமல் அனுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். லித்தியம் பேட்டரி சரக்குப் போக்குவரத்தில் ஆபத்தான பொருள், ஒன்பதாம் வகுப்பு. 100 வாட்-அவரைத் தாண்டியவற்றுக்குக் கூடுதல் லேபிளும் காகிதமும் வேண்டும். எனவே கம்பெனியே ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளும்படியோ அல்லது அவர்களுடைய ஷிப்பிங் லேபிளை அனுப்பும்படியோ கேளுங்கள். “நீங்களே அனுப்புங்கள்” என்றால், எந்த கொரியர் பேட்டரி உள்ள வண்டியை எடுக்கும் என்று அவர்களிடமே எழுதிக் கேளுங்கள். உள்ளே பேட்டரி இருப்பதைச் சொல்லாமல் அனுப்பி வழியில் தீப்பிடித்தால் பொறுப்பு அனுப்பியவர் தலையில்.

சார்ஜை 30 சதவீதத்துக்குள் இறக்குங்கள். போன், லாக், கண்ணாடி என்று மாட்டியதையெல்லாம் கழற்றிக்கொள்ளுங்கள். ஆப்பிலிருந்து உங்கள் கணக்கைப் பிரிக்கச் சொல்வார்களா என்று கேளுங்கள். சில வண்டிகள் பழைய உரிமையாளர் கணக்கில் பூட்டியே இருக்கும், அதைக் காரணம் காட்டி ரீஃபண்ட் தள்ளிப்போகும். பெட்டியில் வைப்பதையும் ஒட்டுவதையும் வீடியோ எடுங்கள். எடுத்துப்போகிறவரிடம் கையெழுத்தோ ரசீதோ இல்லாமல் கொடுக்காதீர்கள்.

உப்பிய பேட்டரி, சூடாகிற பேட்டரி, இனிப்பான ரசாயன வாடை, “உஸ்” என்ற சத்தம் இருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. சார்ஜில் போடாதீர்கள், வீட்டுக்குள் வைக்காதீர்கள், காரில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகாதீர்கள். எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத திறந்த வெளியில் நிறுத்திவிட்டுக் கம்பெனிக்கும், தேவையானால் தீயணைப்புக்கும் சொல்லுங்கள். சேதமான பேட்டரியை விமானத்தில் அனுப்பவே தடை. அதைத் தனி முறையில்தான் எடுத்துப்போக வேண்டும், அது அவர்கள் வேலை.

படி 7: மறுத்துவிட்டால்

மறுப்புக் கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். எந்த விலக்கின் கீழ் மறுத்தார்கள்? அதற்கு என்ன ஆதாரம் காட்டினார்கள்? “தவறான பயன்பாடு” என்ற இரண்டு வார்த்தை ஆதாரம் ஆகாது. திறந்த வண்டியின் போட்டோ, ஈர ஸ்டிக்கரின் போட்டோ, எரர் பதிவு, இவற்றைக் கேளுங்கள்.

பிறகு கடைக்காரரிடம் திரும்புங்கள். இங்குதான் சட்டம் வருகிறது, நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் புதுப் பொருளுக்குக் குறைந்தது இரண்டு வருடச் சட்டப் பொறுப்பு விற்றவருக்கு உண்டு; முதல் ஒரு வருடத்தில் வெளிப்படும் பழுது வாங்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிப்பது அவர் வேலை. ஆன்லைனில் வாங்கினால் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் விலகலாம். பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பழுதான பொருளை 30 நாளுக்குள் மறுத்து முழுப் பணம் கேட்கலாம். அதற்குப் பிறகு ரிப்பேர் செய்யவோ மாற்றித் தரவோ ஒரு வாய்ப்பு தர வேண்டும். ஆஸ்திரேலியாவில் பெரும் பழுது என்றால் மாற்று வேண்டுமா பணம் வேண்டுமா என்று தேர்வு செய்வது வாங்கியவர். அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் வாரன்டி சட்டம், குறிப்பிட்ட பிராண்டு பாகத்தையே வாங்கினால்தான் வாரன்டி என்று கட்டிப்போடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம்.

உங்கள் நாட்டில் எதுவோ அதன் பெயரையும் ஆண்டையும் கடிதத்தில் ஒரு வரியாக எழுதுங்கள். பக்கம் பக்கமாக வேண்டாம். அந்த ஒரு வரி இருந்தால் கடிதம் வாடிக்கையாளர் சேவை மேஜையிலிருந்து வேறு மேஜைக்குப் போகும்.

கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் வங்கி வழியாகப் பணத்தைத் திருப்பக் கேட்கும் முறை உண்டு. அதற்குக் கெடு இருக்கிறது; எனவே கம்பெனியோடு மாதக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போதே வங்கியிடம் கடைசித் தேதியைக் கேட்டு வைத்துவிடுங்கள். வேறொரு மெக்கானிக்கிடம் எழுத்தில் ஓர் அறிக்கை வாங்குவதும் உதவும். ஆனால் அவர் திறக்கும் முன் கம்பெனிக்குத் தெரிவியுங்கள், திறப்பதை வீடியோ எடுங்கள்.

நீட்டித்த வாரன்டியும் பழைய வண்டியும்

பில் போடும்போது “இன்னும் ஒரு வருடம் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்பார்கள். பேட்டரி அதில் அடங்கவில்லை என்றால் நான் வாங்க மாட்டேன். இந்த வண்டியில் விலை உயர்ந்த பாகம் அதுதான், வயதாகப் பழுதாவதும் அதுதான். அதை விட்டுவிட்டு மற்றதற்குப் பணம் கட்டுவதில் அர்த்தமில்லை. அடங்கும் என்றால், கொள்ளளவு குறைவும் சேருமா என்று கேளுங்கள்.

பழைய வண்டி வாங்குபவர்கள் வாரன்டி கைமாறுமா என்று முதலில் கேளுங்கள். முதல் உரிமையாளருக்கு மட்டும் என்பதுதான் பெரும்பாலான கார்டுகளின் நிலை. மாறும் என்றால் அசல் பில்லும், விற்பவர் உங்களுக்கு விற்றதாக எழுதிய ஒரு தாளும் வேண்டும். அவர் கணக்கிலிருந்து வண்டியைப் பிரிப்பதை உங்கள் கண் முன்னால், பணம் கொடுக்கும் முன் செய்யச் சொல்லுங்கள். பிரித்ததும் உங்கள் போனில் இணைத்து, முழு சார்ஜில் வோல்ட் எவ்வளவு காட்டுகிறது என்று அங்கேயே பாருங்கள். 42 காட்ட வேண்டியது 39-ல் நின்றால் விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள், அந்த வண்டியே வேண்டாம்.